சீடார் பலகையும் கித்தானும்: பழைய மரக் கனூவை மீட்டெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக், நியூ பிரன்சுவிக், எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மேய்ன் ஆகிய ஏரிப் பகுதிகளில் பழைய குடில்களின் கொட்டகைகளிலிருந்து வெளியே வரும் மரக் கனூக்களில், அதாவது துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகுகளில், மிகப் பல, மெல்லிய சீடார் மரப் பலகையின் மேல் கித்தான் என்ற தடித்த துணியைப் போர்த்திக் கட்டப்பட்டவை. பூர்வகுடி மக்கள் பூர்ச்ச மரப்பட்டையால் கட்டிய கனூவே இவற்றின் மூலம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேய்ன் மாநிலத்துப் படகுக் கட்டுநர்கள் பட்டையின் இடத்தில் கித்தானை வைத்து, தச்சு அச்சின் மேல் ஒரே அளவில் பல படகுகளைக் கட்டத் தொடங்கினார்கள். டொரண்டோவைச் சுற்றி வாழும் தமிழர்களில் ஏரிக்கரைக் குடில் வாங்குவோரும் இருக்கிறார்கள். குடிலோடு சேர்ந்து இத்தகைய படகு ஒன்று கைக்கு வருவதும் உண்டு. கிழிந்த கித்தானையும் உரிந்த வார்னிஷையும் பார்த்து அதை விறகாக்க நினைப்பவர்களுக்காகவும், நல்லெண்ணத்தோடு அதன் மேல் ஃபைபர்கிளாஸ் ஒட்ட நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்தப் படகு திரும்பத் திரும்பப் பழுதுபார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. வங்கு எனப்படும் வளைந்த விலாச்சட்டங்கள் ஏறத்தாழ 8 மி.மீ. தடிப்பும், அவற்றின் மேல் ஓடும் பலகைகள் ஏறத்தாழ 4 மி.மீ. தடிப்பும் கொண்டவை. இரண்டையும் பிணைப்பவை சிறிய பித்தளை ஆணிகளே; பசை கிடையாது. தண்ணீரைத் தடுப்பது பலகையன்று, வெளியே இழுத்துப் போர்த்திய கித்தானும் அதன் இழைகளை அடைத்து நிற்கும் நிரப்புக் கலவையும்தான். கித்தான் சில பத்தாண்டுகளில் தேயும், மாற்றப்படும். மரம் அதற்கு உள்ளே பல தலைமுறைக்கு நிற்கும். ஆகவே மீட்டெடுப்பவர் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் இன்னொருவர் பிரித்தெடுத்து மீண்டும் செய்ய முடியவேண்டும் என்பதே என் அளவுகோல். ஃபைபர்கிளாஸ் இந்த அளவுகோலில் தோற்றுவிடுகிறது. அது மரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஈரத்தை உள்ளே சிறைப்பிடித்து, பலகையும் வங்கும் பருவத்துக்கேற்ப அசைவதைத் தடுக்கிறது. பின்னாளில் அதை உரிக்கும்போது மரமும் சேர்ந்து பெயரும்.

படகை அறிதல்

முதலில் முனைக்கட்டையின், அதாவது படகின் நுனிக்கு வடிவம் தரும் வளைந்த கட்டையின், உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். மேய்ன் மாநிலத்து ஓல்டு டவுன் நிறுவனப் படகுகளில் அங்கே ஒரு தொடர் எண்ணும், அதை அடுத்துப் படகின் நீளம் அடிக்கணக்கிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் பழைய கட்டுமான அட்டைகளில் தேடினால், படகு எந்த ஆண்டில் எந்த மரத்தில் எந்த வண்ணத்தில் வெளியே சென்றது என்பது பெரும்பாலும் தெரியவரும். நியூ பிரன்சுவிக்கின் ஃபிரெடெரிக்டன் நகரில் இயங்கி 1970-களின் இறுதியில் மூடப்பட்ட செஸ்ட்நட் நிறுவனப் படகுகளுக்கு அத்தகைய வசதி இல்லை. நீளம், வங்குகளின் அகலம், முனையின் மேற்புறத்தை மூடும் சிறு பலகையான முனைத்தட்டின் வடிவம் ஆகியவற்றை ஒப்பிட்டே முடிவுக்கு வரவேண்டும். பீட்டர்பரோ நகரில் 1997-இல் திறக்கப்பட்டு 2024-இல் புதிய கட்டடத்துக்கு மாறிய கனேடியக் கனூ அருங்காட்சியகத்தின் சேகரிப்பு இந்த ஒப்பீட்டுக்குப் பேருதவி செய்யும். அதே பீட்டர்பரோ வட்டாரத்தில் கித்தானே இல்லாமல் முழுக்க மரத்தால் இறுக்கமாக இணைத்துக் கட்டிய கனூக்களும் உண்டு. அவற்றின் முறை வேறு, இங்கே சொல்வது அவற்றுக்குப் பொருந்தாது.

அடுத்துச் சேதத்தைக் கணக்கெடுக்க வேண்டும். படகைக் கவிழ்த்து, முன்முனையான அணியத்திலிருந்து பின்முனை வரை அடிப்பகுதியின் நடுக்கோட்டில் ஒரு நூலை இழுத்துக் கட்டினால், அடி மேலோ கீழோ வளைந்திருப்பது தெரிந்துவிடும். பின்னர் நிமிர்த்தி, நடுப்பகுதியின் அகலத்தையும் இரு பக்கங்களையும் இணைக்கும் ஒவ்வொரு குறுக்குச்சட்டமும் இருக்கும் இடத்தின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். குறுக்குச்சட்டம் ஒன்று காணாமற்போய்ப் பல ஆண்டுகள் கிடந்த படகு பக்கவாட்டில் விரிந்திருக்கும். ஒரு சிறிய ஊசியுளியை எடுத்து இரு முனைகளையும் குத்திப் பாருங்கள்: படகின் மேல் விளிம்பில் உட்புறமாக ஓடும் உள் விளிம்புச்சட்டத்தின் நுனிகள், முனைத்தட்டு, முனைக்கட்டையின் மேற்பகுதி, கடைசி இரண்டு மூன்று வங்குகளின் தலைகள். பெரும்பாலான கனூக்களில் அழுகல் இங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் மண்ணின் மேல் கவிழ்த்து வைத்த படகு நிலத்தைத் தொடுவது இந்த இரு முனைகளால்தான். நடுவில் தெரியும் பெரிய கிழிசலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முனைகளின் நிலையே வேலையின் அளவைத் தீர்மானிக்கும்.

எல்லாவற்றையும் ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருக்கையைத் தாங்கும் மரையாணிகளின் நீளம், இருக்கைக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள சிறு மரத்துண்டுகளின் உயரம், முனைத்தட்டின் சாய்வு ஆகியவை கழற்றிய பிறகு நினைவில் நிற்பதில்லை.

வடிவத்தைப் பூட்டிய பிறகே கழற்றுதல்

வேலையின் வரிசை வடிவம், மரம், கித்தான் என்றே இருக்கவேண்டும். எதையும் கழற்றும் முன், சரியான அகலத்துக்கு வெட்டிய தற்காலிகக் குறுக்குச்சட்டங்களை உள் விளிம்புச்சட்டங்களுக்கு இடையே கிளாம்ப் போட்டுப் பூட்டுங்கள். அதன் பிறகு வெளி விளிம்புச்சட்டங்களையும், முனையின் பித்தளைப் பட்டையையும், அடிப்பகுதியின் வெளியே நீளவாக்கில் ஓடும் ஏரா என்ற சட்டம் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம். பழைய திருகாணிகளின் காடியில் பெயிண்ட் அடைத்திருக்கும். கூரிய முனையால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை வைத்தால் பெரும்பாலானவை உடையாமல் வரும். உள் விளிம்புச்சட்டங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் அகற்றக்கூடாது. படகின் உருவத்தைப் பிடித்து வைத்திருப்பவை அவையே.

பழைய கித்தானை விளிம்பை ஒட்டிக் கத்தியால் அறுத்தால் ஒரே விரிப்பாகக் கழன்று வரும். அதைச் சுரண்டவோ உலர்ந்த நிலையில் தேய்க்கவோ வேண்டாம். பழைய நிரப்புக் கலவையிலும் பெயிண்டிலும் வெள்ளை ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையை அவர்கள் நடமாடாத இடத்தில் ஈரத்துணியோடும், நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசத்தோடும் செய்யுங்கள்; கழிவை உருட்டிக் கட்டி நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள். யாரோ முன்பே ஃபைபர்கிளாஸ் ஒட்டியிருந்தால் சூடான காற்றை வீசும் ஹீட் கன் கொண்டு சூடாக்கி, மழுங்கிய தகட்டால் கையகல அளவாகப் பொறுமையோடு தூக்க வேண்டும்.

உட்புற வார்னிஷை நீக்க வேதி நீக்கிதான் ஏற்றது. வங்குகளுக்கு இடையே உப்புத்தாளால் தேய்த்தால் அவற்றின் விளிம்பு மழுங்கும், பலகையும் மெலியும். மெத்திலீன் குளோரைடு கலந்த நீக்கிகள் மூடிய அறைகளில் உயிரையே பறித்திருக்கின்றன. வேகம் குறைந்தாலும் வேறு வகையையே வாங்குங்கள். நீக்கிய பிறகு டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலால் தூரிகை போட்டுக் கழுவி, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசி, கறை மிகுந்த இடங்களில் ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் கறுத்துப்போன சீடார் மீண்டும் தேன் நிறத்துக்கு வரும். அமிலத்தையும் முழுமையாக அலசுங்கள்; எஞ்சிய தூள் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். பிறகு நிழலில் நன்றாக உலரவிடுங்கள்.

முனைகள்

அழுகிய முனைக்கட்டையை முழுவதும் எடுப்பதைவிட, நல்ல மரம் தொடங்கும் இடம் வரை வெட்டி, நீண்ட சாய்வு இணைப்பில் புதிய துண்டைப் பொருத்துவது நல்லது. சாய்வின் நீளம் மரத்தின் தடிப்பைப்போல் 8 முதல் 12 மடங்கு இருக்கட்டும். இதுபோன்ற இணைப்புகளில் மட்டும் எப்பாக்சி பசையை நான் ஏற்கிறேன், ஏனெனில் இங்கே இரண்டு மரத்துண்டுகள் ஒன்றாகவே மாறவேண்டும். உள் விளிம்புச்சட்டத்தின் நுனிக்கும் இதே முறைதான். வழக்கமாக அது ஸ்புரூஸ் மரம். ஒரு பக்கத்தை முடித்துப் பூட்டிய பிறகே மறு பக்கத்தைத் தொடுங்கள், இல்லையென்றால் அணியம் ஒருபுறமாகத் திரும்பிவிடும். முனைத்தட்டு அழுகியிருந்தால் பழையதையே மாதிரியாக வைத்து அதே இன மரத்தில் புதிதாக வெட்டிக்கொள்ளலாம்.

வங்குகள்

மீட்டெடுப்பின் இதயம் இதுதான். உடைந்த வங்குகளை எண்ணும்போது, முழுவதும் முறிந்தவற்றையும் மேற்பரப்பில் கீறல் மட்டும் விழுந்தவற்றையும் பிரித்துக் குறியுங்கள். கீறல் மட்டும் உள்ளவற்றுக்கு எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ஒன்று உண்டு. அந்த இடத்துப் பலகையை வெளியிலிருந்து எடுத்து, வங்கின் முதுகுப்புறத்தில் கீறலுக்கு இருபக்கமும் படிப்படியாக ஆழம் குறையும் ஒரு பள்ளத்தை உளியால் எடுத்து, அதில் மெல்லிய சீடார் பட்டையைப் பசையிட்டுப் பதிப்பது. படகுக்குள் அமர்ந்திருப்பவர் கண்ணில் படும் பழைய முகம் அப்படியே இருக்கும், வலிமை திரும்பிவிடும்.

முழுவதும் முறிந்த வங்கை மாற்றியே ஆகவேண்டும். கணுக்கள் இல்லாத, நேரான இழையோட்டமுள்ள வெள்ளைச் சீடார் பலகையைத் தேடுங்கள். சூளையில் உலர்த்திய மரம் வளைக்கும்போது முறியும். காற்றில் உலர்ந்ததே வேண்டும். பழைய வங்கின் அகலம், தடிப்பு, விளிம்பின் சரிவு, நுனியை நோக்கி அது ஒடுங்கும் விதம் ஆகியவற்றை அப்படியே பின்பற்றி இழைத்து, சில நாட்கள் தண்ணீரில் ஊறவையுங்கள். நீராவிப் பெட்டிக்கு விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. பலகையால் அடித்த நீண்ட பெட்டியும், அதற்குள் ஆவியை அனுப்பும் கொதிகலமும் போதும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்பது படகுத் தச்சர்களின் பொதுக் கணக்கு, 8 மி.மீ. வங்குக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். பெட்டியிலிருந்து எடுத்த கணத்திலிருந்து உங்களுக்குக் கிடைப்பவை சில நொடிகளே. ஆகவே கிளாம்ப்களைத் திறந்து கைக்கெட்டும் இடத்தில் வைத்து, உடன் ஒருவரை நிறுத்தி, தடித்த கையுறையோடு நில்லுங்கள்.

வளைப்பதற்கு அச்சு எங்கே என்று கேட்கலாம். கவிழ்த்து வைத்த படகின் வெளிப்புறமே அச்சு. ஆனால் புதிய வங்கு இருக்கவேண்டிய இடம் படகின் உட்புறம் என்பதால், அதே இடத்தின் வெளிப்புறத்தில் வளைத்தால் அளவு பெரிதாகிவிடும். படகு முனையை நோக்கி ஒடுங்குகிறது என்பதைப் பயன்படுத்தி, ஓரிரு வங்கு அளவு முனைப்பக்கமாகத் தள்ளி வளையுங்கள். வெளியே எடுத்ததும் அது கொஞ்சம் விரியும். அதற்கும் சேர்த்துச் சற்று இறுக்கமாகவே பிடிக்க வேண்டும். ஒரு நாள் அப்படியே உலரவிட்டுப் பிறகு பொருத்துங்கள். உடைந்தவை அடுத்தடுத்து இருந்தால் எல்லாவற்றையும் ஒரே வேளையில் எடுத்துவிடாமல், ஒன்றைவிட்டு ஒன்றாகவோ அதைவிட இடைவெளி விட்டோ மாற்றுங்கள். ஒரே பகுதியில் பல வங்குகள் இல்லாமற்போனால் பலகைகள் தம் விருப்பப்படி நேராகிவிடும், அந்த வளைவை மீட்பது கடினம்.

ஆணியும் பலகையும்

பழைய ஆணியை எடுக்க, மடங்கிய நுனியை உட்புறத்தில் நிமிர்த்தி வெளியே தட்ட வேண்டும். புதிய ஆணி பித்தளையாகவே இருக்கட்டும். இரும்பு ஆணி சில ஆண்டுகளில் மரத்தைக் கறுக்கச் செய்து அரித்துவிடும். 8 மி.மீ. வங்கும் 4 மி.மீ. பலகையும் சேர்ந்தால் 12 மி.மீ.; அதற்கு ஏறத்தாழ 17 மி.மீ. நீளமுள்ள, 11/16 அங்குல ஆணி பொருந்தும். வெளியிலிருந்து சுத்தியலால் அடிக்கும்போது, உட்புறத்தில் ஆணி வெளிவரும் இடத்தில் வளைந்த முகமுள்ள கனத்த இரும்புக்கட்டி ஒன்றைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நுனி அந்த இரும்பில் மோதித் திரும்பி, கொக்கிபோல் மீண்டும் வங்குக்குள்ளேயே இறங்கும். அந்த மடிப்புதான் படகைப் பிடித்து நிறுத்துகிறது. இரும்பின் மறுபுறம் ஆணி வருவதைக் கை உணரும். ஒரு பழைய பலகையில் பழகிவிட்டுப் படகுக்கு வாருங்கள். மரம் உலர்ந்து வெடிக்கும்போலிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டுவிட்டு அடிக்கலாம்.

பலகையில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வெடிப்புகளை அப்படியே விட்டுவிடலாம், கித்தான் மூடிக்கொள்ளும். குறுக்கே முறிந்தவற்றையும் ஓட்டை விழுந்தவற்றையும் மட்டும் மாற்றுங்கள். புதிய பலகையின் முனை ஒரு வங்கின் நடுவில் முடிய வேண்டும். பக்கத்துப் பலகையின் இணைப்பும் அதே வங்கில் வரக்கூடாது. பலகைகளின் ஓரங்களுக்கு இடையே பசையோ அடைப்போ வேண்டாம்.

மர வேலை முடிந்ததும் வெளிப்புறத்தை நீண்ட கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்து, ஒவ்வோர் ஆணித்தலையையும் விரலால் தடவி, மேடாக நிற்பதை மீண்டும் தட்டி இறக்குங்கள். ஒரே ஓர் ஆணித்தலை மேடாக நின்றாலும் கித்தான் அங்கே தேய்ந்து ஓட்டையாகும். உட்புறத்துக்கு இப்போதே வார்னிஷ் பூசுங்கள்: முதல் பூச்சு பாதிக்குப் பாதி கரைப்பான் கலந்ததாகவும், அடுத்த நான்கைந்து பூச்சுகள் கெட்டியாகவும் இருக்கட்டும். பலகை இடுக்குகள் வழியே வெளியே கசிவதை உடனுக்குடன் துடையுங்கள். வெளிப்புறத்தில் கொதித்த ஆளிவிதை எண்ணெயும் டர்ப்பன்டைனும் சம அளவில் கலந்து ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். அந்த எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போட்டால் தாமாகவே தீப்பற்றும். அவற்றை விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர வாளியில் அமிழ்த்துங்கள்.

கித்தான் போர்த்துதல்

சாதாரண ஏரிப் பயணத்துக்கு 10-ஆம் எண் பருத்திக் கித்தான் பொருத்தமானது. எண் கூடக்கூடத் துணி மெலியும் என்பதால், இலேசான படகுக்கு 12-ஆம் எண்ணைத் தேர்ந்தெடுப்போரும் உண்டு. படகின் நீளத்தைவிட ஒரு மீட்டர் அளவு கூடுதலாக வாங்குங்கள். துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஒரு முனையை மரச்சட்டங்களுக்கு இடையே நெரித்து அசையாத தூணில் கட்டுங்கள். மறு முனையைக் கையால் இயக்கும் ராட்சட் இழுவையில் மாட்டுங்கள். ஏணையில் குழந்தையைக் கிடத்துவதுபோல, திறந்த மடிப்புக்குள் படகை நிமிர்ந்த நிலையில் இறக்கி, நடுக்கோடு மடிப்பின் மேல் வருமாறு சரிசெய்த பிறகு, கூரையிலிருந்து முட்டுக்கொடுத்தோ பாரம் வைத்தோ படகைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இப்போது ராட்சட்டை இறுக்கினால் துணி படகின் வயிற்றைத் தழுவும். இழுத்து, சற்றுக் காத்திருந்து, மீண்டும் இழுங்கள். அடிப்பகுதியில் ஒரு சுருக்கமும் இல்லாதவரை பக்கவாட்டுக்குப் போகக்கூடாது.

பக்கவாட்டு வேலைக்கு அகன்ற வாயுள்ள கித்தான் இழுக்கும் குறடு தேவை. ஓவியக் கித்தான் இழுப்பவர்கள் பயன்படுத்துவதே போதும். நடுவிலிருந்து தொடங்கி, ஒரு வங்கின் தலையில் துணியை மேல்நோக்கி இழுத்துப் பித்தளை ஆணி அடித்து, எதிர்ப்பக்கம் அதே வங்குக்கு வந்து, இப்படி மாறிமாறி இரு முனைகளை நோக்கியும் செல்லுங்கள். அணியத்தை நெருங்கும்போது ராட்சட்டைத் தளர்த்தி, முனைக்கட்டையின் கோட்டில் துணியை வெட்டி, ஒரு பக்கத்தை முனைமேல் மடித்து ஆணியடித்து, நீர்புகா அடைப்புப் பசை தடவி, மறு பக்கத்தை அதன் மேல் மடித்து முடிக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒரு பகலில் முடிந்துவிடும் வேலை இது. தனியாகச் செய்ய வேண்டாம்.

நிரப்பு, காத்திருத்தல், பெயிண்ட்

போர்த்திய கித்தான் இன்னும் வெறும் துணிதான். கொதித்த ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ், கரைப்பான், உலர்த்தி, மிக நுண்ணிய சிலிக்கா மாவு ஆகியவை சேர்ந்த நிரப்புக் கலவையை அதன் இழைகளுக்குள் தேய்த்து இறக்க வேண்டும். 16 அடிப் படகுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் பிடிக்கும். முற்காலத்தில் பூஞ்சையைத் தடுக்க வெள்ளை ஈயம் சேர்த்தார்கள். இன்று அதற்கு மாற்றாகப் பூஞ்சைத் தடுப்பான் சேர்க்கலாம். சிலிக்கா மாவைக் கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம். தூரிகையால் தாராளமாகப் பூசி, கித்தானிலேயே தைத்த கையுறையால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். முதல் பூச்சு பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததைப் பூசி, நெசவு கண்ணுக்குத் தெரியாத வழுவழுப்பு வரும்வரை தேய்க்க வேண்டும்.

பிறகு காத்திருக்க வேண்டும். வெப்பமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் நான்கு முதல் ஆறு வாரம், குளிர்ந்த கராஜில் அதைவிட நீண்ட காலம் ஆகும். எண்ணெய் வாடை முற்றிலும் போயிருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. இந்த இடத்தில் அவசரப்பட்டால், மென்மையான நிரப்பின் மேல் பூசிய பெயிண்ட் சுருங்கி வெடிக்கும். கனேடியப் பருவத்தை அறிந்தவர்கள் மர வேலையைக் குளிர்காலத்துக்கு வைத்து, வசந்தத்தில் கித்தான் போர்த்து, நிரப்பைக் கோடை வெப்பத்தில் இறுகவிடுவார்கள். அப்படிச் செய்தால் இலையுதிர் காலத்துக்கு முன் படகு ஏரியில் இருக்கும்.

பெயிண்டுக்கு எண்ணெய் அடிப்படையிலான கடல்சார் எனாமல் மூன்று பூச்சு, இடையிடையே நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து. காத்திருக்கும் வாரங்களில் இருக்கைகளை முடித்துவிடலாம். சட்டத்தின் துளைகள் வழியே பிரம்புப் பட்டையை ஊறவைத்துப் பின்னும் முறை, நம் வீடுகளின் பழைய பிரம்பு நாற்காலிகளில் காணும் அதே எண்கோணக் கண் பின்னல்தான்.

கடைசியாக வெளி விளிம்புச்சட்டங்களைப் பொருத்துங்கள். புதிய ஆஷ் மரம் என்றால் முனைப்பகுதியை ஆவியில் வளைத்து, உட்புற முகத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே வார்னிஷ் பூசிவிட்டு, பித்தளை அல்லது வெண்கலத் திருகாணியால் பூட்டுங்கள். ஏரா விஷயத்தில் கருத்துவேறுபாடு உண்டு. பாறை நிறைந்த ஆற்றில் அது இடறும், திருகாணித் துளைகள் வழியே தண்ணீரும் வரும் என்பதால் நான் அதைத் திரும்ப வைக்காமல் விடுவதையே பரிந்துரைக்கிறேன். படகு அருங்காட்சியக மதிப்புடையது என்றால் மட்டும் அடைப்புப் பசையோடு பழைய இடத்திலேயே வையுங்கள். முனையின் பித்தளைப் பட்டைக்கும் அடியில் அதே பசை வேண்டும்.

வைத்திருக்கும் முறை

கூரையுள்ள இடத்தில், தரையிலிருந்து உயர்த்திய இரண்டு தாங்கிகளின் மேல், விளிம்புச்சட்டங்கள் தாங்குமாறு கவிழ்த்து வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். பயணம் முடிந்ததும் முனைத்தட்டுக்கு அடியில் சேரும் மணலையும் இலையையும் துடைத்தெடுங்கள். பாறையில் உரசிக் கித்தான் கிழிந்தால், கிழிசலின் ஓரங்களை மெல்லத் தூக்கி, அடியில் ஒரு சிறு மெல்லிய பருத்தித் துணியை நுழைத்து, நீர்புகா பசையால் ஒட்டி, மேலே நிரப்பும் பெயிண்டும் தொட்டு வைத்தால் போதும். அதற்காக முழுக் கித்தானையும் மாற்ற வேண்டியதில்லை.